ரம்பத்துக்கு முன் வந்த மேசை

கள்ளக்குறிச்சி,
7.12.2020

மாப்பிள்ளை வெங்கடேசன் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் தங்கை சுபஸ்ரீயும் நலம். தங்கள் நலத்தைத் தொலைபேசியில் விசாரிக்க முற்பட்டேன். இரண்டாவது வாக்கியத்தை நான் முடிப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டீர்கள். வெள்ளிமலையில் டவர் கிடைக்கவில்லை என்று தாங்கள் சொல்லக்கூடும். ஆகவே இனி நமக்குள் எல்லாம் பதிவுத் தபாலில் நடக்கட்டும். தபாலைப் பாதியில் துண்டிக்க இயலாது.

கார்த்திகை தீபத்துக்கு முதல் நாள் சுபஸ்ரீ ஒரே ஒரு பையுடன் என் வாசலில் வந்து நின்றாள். “மாப்ள வரலியா?” என்று கேட்டேன். “அவருக்கு வேல இருக்குது. கட்டில அறுத்துக்கினு இருக்காரு” என்றாள். விளையாட்டு என்றே முதலில் நினைத்தேன். உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மீண்டும் அதையே சொன்னாள்.

தங்கள் திருமணத்துக்கு நான் சீராகக் கொடுத்த தேக்குக் கட்டிலைத் தாங்கள் அறுத்து ஒரு மேசை செய்திருக்கிறீர்கள். மேசை எதற்கு? ஸ்லைடிங் மைட்டர் சா வைக்க. வட்டப் பிளேடு கீழே இறங்குவதோடு நில்லாமல் இரு கம்பிகளின் மேல் முன்னும் பின்னும் சறுக்கி, அகலமான பலகையையும் கோணம் பிசகாமல் அறுக்கும் அந்த இயந்திரம் எங்கே? இன்னும் வாங்கவில்லை.

முப்பது ஆண்டுகளாக முத்திரை ஆய்வாளராக இருக்கிறேன். கல் இல்லாத தராசைப் பார்த்திருக்கிறேன். தராசே இல்லாத கடையையும் பார்த்திருக்கிறேன். வராத ரம்பத்துக்காக மனைவியின் கட்டிலை அறுத்தவரை இப்போதுதான் அறிகிறேன்.

நிபந்தனைகள் இரண்டு. அதே அளவில், அதே தேக்கில், மூலைகள் நாற்பத்தைந்து பாகையில் இடைவெளியின்றிச் சேரும்படி, தாங்களே ஒரு கட்டில் செய்ய வேண்டும். பிறகு தாங்களே நேரில் வந்து அழைக்க வேண்டும். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்த பெண், அழைக்க ஆள் வராமல் திரும்பிப் போகக்கூடாது. இது நான் இயற்றிய விதி அன்று. நம் குடும்பத்தில் என்றைக்கும் உள்ள வழக்கம்.

மலையில் பனி அதிகம் என்று கேள்வி. தலையில் துண்டு கட்டவும்.

இங்ஙனம்,
தெ. அறிவுச்செல்வன்

*

வெள்ளிமலை,
16.12.2020

மச்சான் அவர்களுக்கு,

கும்பிடுகிறேன். அரவை மில் ஓடுகிறது, நானும் ஓடுகிறேன். உங்கள் பிரஷர் எப்படி இருக்கிறது? மாத்திரையை மணி பார்த்துப் போடுவீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்தக் கட்டிலின் ஒரு காலைக் கரையான் தின்று ஒரு வருஷம் ஆகிறது. செங்கல் அண்டக் கொடுத்துப் படுத்தோம். செங்கல்லில் நின்ற கட்டிலுக்குச் சீர் என்று பொட்டு வைத்துக் கும்பிட வேண்டுமா? மீதி மூன்று காலும் பலகையும் இரும்பு மாதிரி இருந்தன. ஊரடங்கில் மில் மூடிக் கிடந்தபோது மரவேலை வீடியோ பார்த்துப் பார்த்து ஆசை வந்தது. பையன் ஓசூர் வேலைக்குப் போய்விட்டான், வீட்டில் இரண்டே பேர். மில்லை ஒட்டின கொட்டகையில் ஒரு பட்டறை போட்டு, வீட்டுக்கு வேண்டிய கதவு ஜன்னலை நானே செய்யலாம் என்று பார்த்தேன். கொலைக் குற்றமா?

இன்னொன்று. அவள் கோபித்துக்கொண்டு வந்தாள் என்று யார் சொன்னது? நான்தான் பஸ் ஏற்றி விட்டேன். பையை நான்தான் தூக்கி வைத்தேன். “தீபத்துக்கு அண்ணன் வூட்டுக்குப் போய்ட்டு வா” என்று சொல்லி அனுப்பினேன். கண்டக்டர் பச்சமுத்து சாட்சி. புருஷன் அனுப்பி வைத்த பெண்ணைப் பிறந்த வீட்டார்தான் கொண்டுவந்து விடவேண்டும். அதுவும் வழக்கம்தான். உங்களுக்குப் பாதி வழக்கம்தான் ஞாபகம் இருக்கிறது போல.

கட்டில் செய்கிறேன். ஆனால் ரம்பத்தை நீங்களே சொல்லுங்கள். பிறகு குறை சொல்ல வாய் இருக்கக்கூடாது. உங்கள் கொல்லைப்புறப் பட்டறையில் பத்து வருஷமாக ஒரு முக்காலிக்கு மேல் எதுவும் செய்ததில்லை என்றாலும், கருவிகளைப் பற்றிப் பேசுவதில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது. உங்கள் ஊர்க் கண்ணாயிரம் கடையில் சீன இறக்குமதியில் பத்து இஞ்ச் ஒன்று இருக்கிறதாம். சரியா, இல்லையா? ஒரு வரி போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவளையும்.

வெங்கடேசன்

*

கள்ளக்குறிச்சி,
24.12.2020

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம். தங்கள் நலத்துக்கும் குறைவிராது என நம்புகிறேன்.

ஒரு வரி போதும் என்றீர்கள். போதாது. மூலைமட்டத்துடன் கண்ணாயிரம் கடைக்கு நானே நேரில் சென்றேன். “சார், ரம்பம் வாங்க வந்தீங்களா, ரெய்டு வந்தீங்களா? முன்னாடியே சொல்லிட்டா டீ சொல்லி வெச்சிருப்பேன்” என்றார். பலகை சாய்ந்து நிற்கும் பின்தடுப்பில் மட்டத்தை வைத்துப் பார்த்தேன். பிளேடுக்கும் மட்டத்துக்கும் நடுவே தபால் அட்டை நுழைந்தது. கைப்பிடியை முன்னே இழுத்தபோது கம்பிகளில் ஆட்டம் இருந்தது. இழுக்கும்போது ஆடுகிற ரம்பம், நாற்பத்தைந்தில் வைத்தால் நாற்பத்தாறில் அறுக்கும். நான்கு மூலை சேரும்போது அந்தப் பிழை நான்கு மடங்காகும். “ஒரு நூல்தான் சார், புட்டி வெச்சி அடச்சிடலாம்” என்றார் கண்ணாயிரம். சீர் கட்டிலில் புட்டியா? இந்த இயந்திரத்துக்கு என் ஒப்புதல் இல்லை.

பேருந்து ஏற்றிவிடுவது அனுப்பிவைத்தல் ஆகாது. அடிவாரத்திலுள்ள கச்சிராயபாளையம் வரையாவது தாங்கள் உடன் வந்தீர்களா? நடத்துநரின் சாட்சியம் பயணச்சீட்டுக்கு மட்டுமே செல்லும்.

பின்குறிப்பு: தியாகதுருகத்தில் நம் சமூகத்துக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு மனுக் கொடுத்த கூட்டத்தில், நாளிதழ்ப் படத்தில் முன்வரிசையில் தங்களைக் கண்டேன். மனைவியை அழைக்க மலையிறங்க நேரமில்லாதவருக்கு மனுக் கொடுக்க இறங்க நேரம் இருந்திருக்கிறது.

குளிர்காற்றில் நிற்க வேண்டாம்.

தெ. அறிவுச்செல்வன்

*

வெள்ளிமலை,
11.1.2021

மச்சான் அவர்களுக்கு,

சுகம்தான். பொங்கல் வாழ்த்து சொல்வது முறை, சொல்லிவிட்டேன்.

ஆமாம், போனேன். நாளைக்கும் கூப்பிட்டால் போவேன். எண்பத்தேழில் இதையே கேட்டு ரோட்டில் படுத்தவர்களுக்குக் கிடைத்தது தடியடி. அதற்கப்புறம் வந்த ஒதுக்கீட்டில் உங்களுக்குக் கிடைத்தது நாற்காலி. அதில் உட்கார்ந்துகொண்டு முன்வரிசையில் யார் நின்றது என்று பார்க்கிறீர்கள். பாருங்கள், நன்றாகப் பாருங்கள், வெயிலில் நின்ற முகம்தான்.

ரம்பம். ஜப்பான் கம்பெனியுடையது, பத்து இஞ்ச், சென்னையிலிருந்து வரவேண்டும். வீடியோவில் மட்டம் வைத்தே காட்டுகிறார்கள், முடிகூட நுழையவில்லை. பத்தரை அடிப் பலகையையும் வைத்து அறுக்க என் மேசையில் இடம் இருக்கிறது. போராட்டத்தால் உளுந்தூர்பேட்டை பக்கம் பார்சல் லாரி சொன்ன நாளுக்கு வருவதில்லை என்கிறார் கடைக்காரர். பரவாயில்லை, காத்திருக்கிறேன். சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், பணம் கட்டிவிடுகிறேன்.

பொங்கலுக்கு அவளைக் கொண்டுவந்து விடுங்கள். புதுப்பானை வாங்கி வைத்திருக்கிறேன். நானே வைத்தால் கழுநீர்த் தொட்டிக்குத்தான் போகும்.

வெங்கடேசன்

*

கள்ளக்குறிச்சி,
18.2.2021

மாப்பிள்ளை அவர்களுக்கு,

அலுவலகப் பணி மிகுதியால் தங்கள் கடிதத்துக்கு உடன் விடையளிக்க இயலவில்லை. நலமே. இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, மருத்துவரே வியந்தார். சென்ற ஆண்டு இவ்வீட்டில் பொங்கல் வைக்கவில்லை. இவ்வாண்டு சுபஸ்ரீ வைத்தாள். தெருவில் முதலில் பொங்கியது எங்கள் பானைதான் என்று எதிர்வீட்டார் சொன்னார்கள். காலையில் காபி சரியாக ஆறே காலுக்கு வந்துவிடுகிறது. இவையெல்லாம் ரம்பத்தோடு தொடர்பற்றவை.

தாங்கள் குறிப்பிட்ட இயந்திரத்தின் விவரக் கையேட்டை வரவழைத்துப் படித்தேன். செய்நேர்த்தியில் குறையில்லை. ஆனால் மலையில் மாலை நேரத்து மின்னழுத்தம் எவ்வளவு? அழுத்தம் குறைந்தால் மோட்டார் திணறும், பிளேடு பலகையில் சிக்கும், பலகை எகிறும். அறுப்புத் தூளை உறிஞ்ச என்ன ஏற்பாடு? பக்கத்தில் ஊரார் உண்ணும் சாமை அரைபடுகிறது என்பதை மறந்துவிட்டீர்கள். இவ்விரண்டுக்கும் தீர்வு காணும் வரை ஒப்புதல் அளிப்பதற்கில்லை.

நாற்காலியைப் பற்றித் தாங்கள் எழுதிய வாக்கியத்துக்குப் பதில் எழுதப்போவதில்லை. நான் தேர்வு எழுதித் தேறினேன். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் அதே தேர்வை எழுதினேன், அப்போது அந்த ஒதுக்கீடு இல்லை, தேறவில்லை. இதை எவரிடமும் மறைத்ததில்லை. பதில் எழுதமாட்டேன் என்று எழுதிவிட்டு எழுதியிருப்பதைக் கவனிக்கிறேன். அடித்தல் திருத்தல் எனக்குப் பிடிக்காது, ஆகவே இருக்கட்டும்.

நலம் பேணவும்.

தெ. அறிவுச்செல்வன்

*

வெள்ளிமலை,
8.3.2021

மச்சானுக்கு,

நல்லாயிருக்கிறேன். நீங்கள் நல்லாயிருப்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

மோட்டார் காயில் கட்டிப் பிழைத்தவனுக்கு வோல்டேஜ் பாடம் நடத்துகிறீர்கள். சாயங்காலம் நூற்றெண்பதுக்கு இறங்கும், அதனால்தான் பெரிய ஸ்டெபிலைசர் பத்து வருஷமாக என் மில்லில் உட்கார்ந்திருக்கிறது. தூள் உறிஞ்ச ஒரு பழைய புளோயரைத் திருப்பி மாட்டியாகிவிட்டது. கொட்டகைக்கும் மில்லுக்கும் நடுவே தகரம் அடித்தாகிவிட்டது. எங்கள் தெருச் சின்னக்கண்ணு வந்து பார்த்துவிட்டு, “இன்னாண்ணே, தறி நெய்யாம வேட்டிய மடிச்சி வெச்சிருக்க?” என்று கேட்டுவிட்டுப் போகிறான். ஊரே கேட்கிறது.

இப்போது சொல்கிறேன், கேளுங்கள். சீனாக்காரன் ரம்பம் ஆடியது, ஒப்புக்கொள்கிறேன். ஜப்பான்காரன் ரம்பம் ஆடவில்லை. ஆடுவது வேறு யாரோ. உங்கள் வீட்டுக்காரம்மா ஜெயசுதா அக்கா இறந்ததிலிருந்து உங்கள் சமையலறை பூட்டிக் கிடந்தது, மெஸ் சாப்பாடு. இப்போது ஆறே காலுக்குக் காபி. மச்சான், என் ரம்பத்தில் நீங்கள் தேடித் தேடிக் குறை கண்டுபிடிப்பது ஏன் என்று எனக்குத் தெரியும். நீங்கள் எழுதமாட்டீர்கள். நானும் அதற்குமேல் எழுதவில்லை. ஆனால் இங்கேயும் ஒருத்தன் தானே காபி போட்டுத் தானே குடித்துக்கொண்டிருக்கிறான். டிகாக்ஷன் சரியாக வரவில்லை.

அவளுக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள். சொல்வீர்களா என்று தெரியாது.

வெங்கடேசன்

*

கள்ளக்குறிச்சி,
26.4.2021

திரு. வெங்கடேசன் அவர்களுக்கு,

தங்கள் 8.3.2021 தேதியிட்ட கடிதம் கிடைத்தது. அதன் மூன்றாம் பத்தி ரம்பம் தொடர்பானது அன்று. எனவே அதற்கு விடையில்லை.

பத்து அங்குல இயந்திரம் மூன்றங்குலக் கட்டில்காலையும் அகலத் தலைமாட்டுப் பலகையையும் ஒருசேரச் சமாளிக்குமா என்பதில் எனக்கு நிறைவு ஏற்படவில்லை. பன்னிரண்டு அங்குலம் பார்க்கவும். இறக்குமதிக்குக் காலமாகும் என்பதை அறிவேன்.

விசாரிப்பைச் சொன்னேன்.

தெ. அறிவுச்செல்வன்

*

வெள்ளிமலை,
12.6.2021

சுபஸ்ரீக்கு,

இதை உன் அண்ணன் முதலில் படிப்பார். படிக்கட்டும். படித்துவிட்டுக் கொடுக்கட்டும்.

ஊரடங்கு என்று பஸ்ஸும் இல்லை, ஜீப்பும் இல்லை. மில் வாரத்துக்கு இரண்டு நாள். எனக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது, இது அது இல்லை என்று நர்ஸம்மா சொன்னார்கள். ரசம் வைத்துக் குடித்தேன். உப்பு இல்லை, பிறகுதான் தெரிந்தது.

மேசை அப்படியே கிடக்கிறது. கோழி ஏறி முட்டை இடுகிறது. பத்து என்றால் பன்னிரண்டு என்கிறார் உன் அண்ணன். பன்னிரண்டு வாங்கினால் பதினான்கு கேட்பார். ஏழு மாதமாக ஆண்பிள்ளைகள் இரண்டு பேரும் தபால்காரரை ஓட விட்டுக்கொண்டிருக்கிறோம், நீ ஒரு வரி எழுதவில்லை. கல்லா நீ? உனக்கென்று ஒரு அபிப்பிராயம் கிடையாதா? எந்த ரம்பம்தான் வாங்கட்டும், அதையாவது சொல்லித் தொலை.

வெங்கடேசன்

*

வெள்ளிமலை,
11.7.2021

அன்புள்ள அண்ணனுக்கு,

சுபஸ்ரீ வணக்கம். நான் இங்கே நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். நீங்கள் ஆபீஸ் போனபின் வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டு லட்சுமியம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சொல்லாமல் வந்தது தப்பு. சொன்னால் பஸ்ஸிலும் ஒரு குறை சொல்லியிருப்பீர்கள்.

அவருடைய கடிதத்தை நீங்கள் படித்துவிட்டு மறுபடி ஒட்டிக் கொடுத்தீர்கள். ஒட்டியது நேராக இருந்தது. அதில் அவர் என்னைத் திட்டித்தான் இருந்தார். ஆனால் உங்கள் இரண்டு பேரில் யாராவது என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அதில்தான் இருந்தது. அதனால் ஊரடங்கு தளர்ந்து மறுபடி பஸ் ஓடத் தொடங்கியதும் நேரே கண்ணாயிரம் கடைக்குப் போனேன்.

கடையில் மூன்று ரம்பம் இருந்தது. ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தேன். “தூக்கிப் பாத்து வாங்கறதுக்கு இது பூசணிக்காயாம்மா?” என்று கேட்டார் கண்ணாயிரம். “பஸ் ஏத்தணுங்க, தூக்க ஆள் கெடயாது” என்றேன். எட்டரை இஞ்ச் ஒன்றை மட்டும்தான் தூக்க முடிந்தது. உங்கள் மூலைமட்டத்தை எடுத்துப் போயிருந்தேன். வைத்துப் பார்த்தேன், இடைவெளி இல்லை. மட்டத்தைத் திரும்ப உங்கள் பட்டறை ஆணியிலேயே மாட்டியிருக்கிறேன். காசு யாருடையது என்று கேட்காதீர்கள், உங்களுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. காலடியில் வைத்தேன். பச்சமுத்து வந்து, “இன்னாம்மா இது, தையல் மிஷினா?” என்றார்.

“ரம்பங்க.”

“ரம்பமா? யார அறுக்கறதுக்கு?”

“ரெண்டு பேர் இருக்காங்க. மொதல்ல யாருன்னு மேல போய்த்தான் பாக்கணும்.”

பஸ்ஸே சிரித்தது. லக்கேஜ் டிக்கெட் போடவில்லை. “ஆயுதத்தோட போற பொம்பளகிட்ட இன்னாத்தக் கேக்கறது” என்று போய்விட்டார்.

இங்கே வந்து இறங்கினேன். அவர் மில் வாசலில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார். “எட்டரையா?” என்றார். அதுதான் ஏழு மாதம் கழித்து அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. “மூணு இஞ்ச் காலு இதுல அறாதே. உங்க அண்ணன் வுடுவாரா?” என்றார். “திருப்பிப் போட்டு ரெண்டு தபா அறு” என்றேன்.

அண்ணா, நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்ட கட்டில் எனக்குப் பிடிக்காது. இருபது வருஷத்துக்கு மேல் அதில் படுத்து இடுப்பு வலி. அதை அறுத்ததற்காக நான் அங்கே வரவில்லை. அறுக்கும்போது பலகையின் அந்தப் பக்கத்தைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. நான் அடுப்படி வாசலில்தான் நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய்த் தெருவிலிருந்து சின்னக்கண்ணுவைக் கூட்டிவந்தார். அதற்குத்தான் பையை எடுத்தேன். அவர் அதைத் தீபம் என்று நினைத்து பஸ் ஏற்றிவிட்டார். நீங்கள் அதைச் சீர் என்று நினைத்துத் தபால் போட்டீர்கள். நீங்களும் கண்ணாயிரம் கடைக்குப் போனபோது என்னை வா என்று சொல்லவில்லை. காபி போட்டு வைக்கச் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

நேற்றுதான் முதல் பலகையை அறுத்தோம். நான் மறுபக்கம் பிடித்தேன். “ஆட்டாத, ஆட்டாத, கை எங்க வெச்சிருக்க” என்று கத்தினார். நானும் கத்தினேன். சாயங்காலம் வரை கத்திக்கொண்டுதான் இருந்தோம். ஜன்னல் சட்டத்துக்கு நான்கு துண்டு வந்திருக்கிறது. கட்டில் செய்யப்போவதில்லை.

காபித்தூள் இரண்டாவது தட்டில், சிவப்பு மூடி டப்பாவில் இருக்கிறது. பால் காய்ந்ததும் அடுப்பை அணையுங்கள். மாத்திரை மறக்காதீர்கள்.

தங்கை,
சுபஸ்ரீ

*

கள்ளக்குறிச்சி,
29.7.2021

சுபஸ்ரீக்கு,

ஆசி. உன் கடிதம் கிடைத்து இரண்டு வாரம் ஆகிறது.

அழைக்க ஆள் வராமல் போனாய். கொண்டுவிட ஆள் இல்லாமலும் போனாய். இரண்டும் வழக்கத்துக்கு மாறு. இதை நான் ஏற்றுக்கொண்டதாக அங்கே எவரும் கருத வேண்டாம். கடிதத்தைப் பிரித்து ஒட்டியது என் பிழை. உனக்குத் தெரியும்படி ஒட்டியது அதனினும் பெரிய பிழை.

திருப்பிப் போட்டு இருமுறை அறுக்கும்போது இரண்டு அறுப்பும் ஒரே கோட்டில் சந்திக்காது. ஒரு மயிரிழை தப்பும். மாப்பிள்ளை அதை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து மறைப்பார். அப்படிச் செய்ய விடாதே. முனையில் ஒரு கட்டையைத் தடுப்பாக வைத்துக்கொண்டு அறுத்தால் தப்பாது. இதைக் காகிதத்தில் விளக்க மூன்று முறை படம் போட்டேன், மூன்றையும் கிழித்துவிட்டேன். நேரில்தான் காட்ட முடியும்.

ஞாயிறு முதல் பேருந்தில் வருகிறேன். அழைப்பு இல்லாத வீட்டுக்கு நான் இதுவரை போனதில்லை. மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் வாசலில் வந்து நிற்பார், பிறகு அவர் அழைத்து நான் வந்ததாகிவிடும். அவரோடு பேசும் எண்ணமும் எனக்கு இல்லை. நீளப் பலகையாக இருந்தால் மூன்றாவதாக ஒருவர் நடுவில் பிடிக்க வேண்டியிருக்கும். பிடிக்கிறேன்.

தெ. அறிவுச்செல்வன்